கூட்டாமல், குறைக்காமல்

பிப்ரவரி ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை காலை, கரையிலிருந்து நூறு மைல் தள்ளிக் கடலுக்குள் நிற்கும் எரிவாயு மேடையில், ஒப்பந்த வெல்டர்கள் ஒவ்வொருவராக அலுவலக அறைக்குள் அழைக்கப்பட்டார்கள்.

உள்ளே ஒரு மேலாளர். மேசைமேல் ஒரு காகிதம், ஸ்பீக்கரில் போட்ட ஒரு போன்.

மேலாளர் பேசுவது வெல்டர்களுக்குப் புரியாது. வெல்டர்கள் பேசுவது மேலாளருக்குப் புரியாது. அதனால் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் போனில் கூப்பிட்டார்கள்.

நான்காவது ஆளின் அழைப்பு, வெல்டர்களின் சொந்த நாட்டில், ஒரு வீட்டின் பின்னறையில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு விழுந்தது.

கதவைச் சாத்தி, இடுக்கில் துணியைச் செருகியிருந்தாள். மின்விசிறிச் சத்தம் லைனில் கேட்கக் கூடாது என்பதால் அதையும் நிறுத்தியிருந்தாள். ஹெட்போனுக்கு அடியில் காது வியர்த்தது.

நிமிடக் கணக்கில், வெளிநாட்டுப் பணத்தில் கூலி. ஆஸ்பத்திரி, போலீஸ், இன்ஷூரன்ஸ் என்று எது வேண்டுமானாலும் வரும். அவள் மொழிக்கு அந்த நேரத்தில் லைனில் இருப்பவர்கள் நான்கைந்து பேர்தான். எது யாருக்கு விழும் என்று முன்கூட்டித் தெரியாது.

விதி ஒன்றுதான். சொன்னதைச் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. எல்லாம் பதிவாகும்.

அன்று காலை அவளுக்கும் ஒரு தகவல் வந்திருந்தது. நாட்டுப் பணத்தின் மதிப்பு சரிந்துவிட்டதால் நிமிடக் கூலி ஐந்தில் ஒரு பங்கு குறைக்கப்படுகிறது. கைக்கு வரும் தொகையில் மாற்றம் இருக்காது. வீட்டில் யாரிடமும் அதை அவள் இன்னும் சொல்லவில்லை.

வெல்டர் தன் பெயரையும் பணியாளர் எண்ணையும் சொன்னார்.

அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"வணக்கம். நான் மொழிபெயர்ப்பாளர். நீங்க சொல்றத அப்படியே சொல்வேன்."

மறுமுனையில் சிறிது நேரம் ஜெனரேட்டரின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"சரிங்க மேடம்," என்றார் வெல்டர்.

மேலாளர் காகிதத்தைப் படித்தார். புதிய ஒப்பந்தம் பதினெட்டு மாதம். சம்பளம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உங்கள் நாட்டுப் பணம் சரிந்துவிட்டதால் வீட்டுக்குப் போய்ச் சேரும் தொகை பழையதுதான். சம்மதமென்றால் கையெழுத்து, இல்லையென்றால் மதியம் ஹெலிகாப்டரில் கரைக்குப் போகலாம்.

அவள் தடுமாறாமல் சொல்லி முடித்தாள். ஏறக்குறைய இதே வாக்கியங்களைக் காலையில் படித்திருந்ததால் சொற்களைத் தேட வேண்டியிருக்கவில்லை.

"விழுந்தா குறைக்கிறீங்க. போன வருஷம் ஏறினப்போ கூட்டிக் குடுத்தீங்களா? கேளுங்க மேடம்."

கேட்டாள். அது சந்தை, எங்கள் கையில் இல்லை என்றார் மேலாளர்.

"மருந்து, எண்ணெய், பெட்ரோல் எல்லாம் வெளியிலேருந்துதான் வருது. அதெல்லாம் பழைய விலைக்கா விக்கிறான்? இவர் வந்து வாங்கிக் குடுப்பாரா?"

அதையும் கேட்டாள். கையெழுத்து உண்டா இல்லையா என்றார் மேலாளர். அதை அவள் அப்படியே சொன்னாள்.

"எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா மேடம். காலையில எழுந்ததும் ரேட்டைத்தான் பாப்பா. நம்ம காசு விழுந்தா ஊரே அழும், இவளுக்கு மட்டும் வாயெல்லாம் பல்லு. அவகிட்ட நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இதச் சொல்றது?"

அதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். மேலாளர் சிரித்தார்.

அப்போது கதவுக்கு வெளியிலிருந்து குழந்தை, "அம்மா, பல்லு ரொம்ப ஆடுது," என்று கத்தியது. அவள் மைக்கை அணைப்பதற்குள் குரல் போய்ச் சேர்ந்துவிட்டது.

அது என்ன சத்தம் என்று மேலாளர் எரிச்சல்பட்டார். அவள் மன்னிப்புக் கேட்டாள்.

வெல்டர் திரும்பப் பேசியபோது அவர் குரலில் கோபம் இறங்கியிருந்தது.

"நான் என்ன செய்யட்டும், சொல்லு," என்றார்.

மேடம் என்று சொல்லவில்லை.

அவள் அந்தக் கேள்வியை மேலாளரின் மொழியில் கேட்டாள். அது அவர் முடிவு, நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்றார் மேலாளர். வெளியே இன்னும் பதினோரு பேர் நிற்கிறார்கள் என்றும் சொன்னார்.

அவள் காலையில் வந்த தகவலை இன்னொரு முறை பார்த்தாள்.

"கையெழுத்துப் போட்டுடுங்க," என்றாள்.

மறுமுனையில் காகிதம் நகர்ந்தது. நாற்காலி இழுபட்டது. மேலாளர் நன்றி சொல்லி அழைப்பைத் துண்டித்தார்.

திரையில், ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் வரும் கேள்வி வந்தது: பேசியவர்களில் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?

இல்லை என்பதை அழுத்தினாள். அடுத்த அழைப்பு ஒரு பல் ஆஸ்பத்திரியிலிருந்து.

சாயங்காலம் எரிவாயு மேடையிலிருந்து போன் வந்தது. தொழிலாளர்கள் வீட்டுக்குப் பேசும் லைனையும் நிறுவனம் பதிவு செய்கிறது. குழந்தைதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டது.

"அப்பா, பல்லு விழுந்துடுச்சு."

"காலையில ஆடிச்சே, அதுவா?"

"ஆமா," என்று குழந்தை போனை அவளிடம் கொடுத்தது.

கடல் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அமைதியாக இருக்கிறது என்றார். மதியம் ஹெலிகாப்டரில் மூன்று பேர் போனார்கள் என்றார்.

சம்பளத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஒப்பந்தம் அடுத்த ஆண்டு ஆகஸ்டில் முடிகிறது.