நெல்லித்தோப்புக்கு வந்த வெள்ளைக்காரர்கள்

துர்காவுக்கு ஒன்றுமே புரியவில்லை. கடற்கரைப் பக்கத்து ஓட்டல்களோடு போட்டி போட முடியாமல், ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடையை மாதக் கடைசியில் மூடிவிடுவதாக இருந்தாள். மூடினால் மாமனார் ஜான்-பத்திஸ்த் நினைத்தது நடந்துவிடும். மருமகள் ஓட்டல் வைப்பது குடும்பத்துக்கே இழுக்கு என்று, அவளோடு பேச்சை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது.

ஆனால் இந்த வாரம் பிரெஞ்சுக்காரர்கள் சந்துக்குள் வழி விசாரித்துக்கொண்டு கூட்டமாக வருகிறார்கள். அடுப்படியை விட்டு அவளால் நகர முடியவில்லை.

"எங்கயாவது விளம்பரம் குடுத்தீங்களா?" என்று கணவன் ஒலிவியேவைக் கேட்டாள்.

"இல்லயே. அவங்களயே கேட்டுட்டு வரேன்."

போனில் எதையோ படித்தபடி திரும்பி வந்தான்.

"நெட்ல யாரோ பிரெஞ்சுல புகார் எழுதியிருக்காங்க துர்கா. 'வெள்ளைக்காரங்க கேட்டாக்கூட காரத்த கொறைக்க மாட்டாங்க. ஸ்பூன் கேட்டா கைய கழுவிட்டு வரச் சொல்றாங்க. போதும்னாலும் இலையில இன்னொரு மீன் துண்ட வச்சிடறாங்க.'"

"அடப்பாவி. இதப் படிச்சுட்டா வராங்க?"

"இப்படி ஒரு எடத்ததான் தேடிட்டு இருந்தாங்களாம்."

"எதிர்க்கடைக்காரன் வேலதான் இது."

"அவனுக்கு ஏது பிரெஞ்சு?" என்றவன் சட்டென்று நிறுத்தினான்.

"என்னங்க, மிச்சத்தையும் படிங்க."

ஒலிவியே மெதுவாகப் படித்தான்.

"'வியாழக்கெழம மட்டும் போகாதீங்க. அன்னிக்கு என் மருமக சமைக்கறதில்ல.'"