சொந்தச் சரக்கு

தொகுப்பாளர் வாயைத் திறப்பதற்குள்ளேயே அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. தொலைக்காட்சிக்கு வந்த நாளிலிருந்து இப்படியொரு வரவேற்பை அவர் கனவிலும் கண்டதில்லை.

மூன்றாவது வரிசையில் அவருடைய மகள், கல்லூரித் தோழிகளோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்காகத்தான் இன்றைக்கு இவ்வளவு ஆட்டமும்.

கல்லூரியில் அவளைக் "கிளியோட பொண்ணு" என்றுதான் கூப்பிடுகிறார்களாம். முதலாளி சொன்னதைத் திருப்பிச் சொல்கிற கிளி! அவள் அழுதுகொண்டே அதைச் சொன்ன நாளிலிருந்து மனுஷனுக்குத் தொண்டையில் சாப்பாடு இறங்கவில்லை.

அன்றைக்கே அவளிடம் சொன்னார்: "ஒரு நாள் நேர்ல வந்து பாரும்மா. அப்பா பேசறது அத்தனையும் சொந்தச் சரக்கு."

"அப்ப காதுல ஒண்ணு மாட்டிக்கிறீங்களே, அது?"

"அதுவா? மணி சொல்லுவாங்க, விளம்பரம் வந்தா சொல்லுவாங்க. வேற என்ன?" சொன்னவர் அவள் முகத்தைப் பார்க்காமல் டையைச் சரிசெய்துகொண்டார்.

இன்றைய விவாதம், ஒருவருக்கு ஒரு சேனலுக்கு மேல் கூடாது என்று வரப்போகும் சட்டத்தைப் பற்றியது. அவருடைய முதலாளிக்கோ சேனல், பத்திரிகை, வானொலி என்று இருப்பதை எண்ணக் கைவிரல் போதாது, கால்விரலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மேடை மைக்கில் எதிரொலி விழக்கூடாதென்று அரங்கில் ஸ்பீக்கரே வைக்கவில்லை. பார்வையாளர்களுக்கு ஆளுக்கொரு ஹெட்போன் கொடுத்திருந்தார்கள்.

சட்டத்தை ஆதரித்த பேராசிரியை நிதானமாகச் சொன்னார்: "ஆறு சேனல் இருக்கட்டும் சார். ஆறுக்கும் சொந்தக்காரர் ஒருத்தர்னா, வாய்தான் ஆறு, குரல் ஒண்ணுதானே?"

தொகுப்பாளர் காதை லேசாகத் தொட்டுக்கொண்டார். கூட்டம் குபீரென்று சிரித்தது.

"மேடம், உங்க வீட்டுச் சமையலறைய அடுத்த வீட்டுக்காரங்களுக்குப் பாதி பிரிச்சுக் குடுப்பீங்களா?"

இன்னொரு சிரிப்பு. கூரை ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தது. பேராசிரியை பாவம், ஒன்றும் விளங்காமல் கூட்டத்தைப் பார்த்து விழித்தார்.

தொகுப்பாளருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. மேசையை ஓங்கித் தட்டினார்.

"என்னை எவனும் ஆட்டி வைக்க முடியாது மேடம்! நான் கேக்கறது என் கேள்வி!"

சொல்லிவிட்டு, டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார். அவ்வளவுதான், அதற்கே கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது. மகள் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

'ஆனந்தக் கண்ணீர்' என்று நினைத்துக்கொண்டார். அவளிடம் பொய் சொன்ன உறுத்தல்கூடக் கொஞ்சம் அடங்கியது.

நிகழ்ச்சி முடிந்ததும் சின்னப் பையன் மாதிரி மேடையிலிருந்து குதித்து ஓடினார். அவரைக் கண்டதும் தோழிகள் மெதுவாக நழுவினார்கள். மகள் மட்டும் ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள்.

"எப்படிம்மா? இனிமே எவளாவது கிளின்னு சொல்லுவாளா?"

அவள் ஹெட்போனை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"'போதும், தண்ணியக் குடிடா'ன்னு உங்க முதலாளி உங்க காதுல சொன்னது, இதுல எங்க எல்லாருக்கும் கேட்டுச்சுப்பா."