காற்றுப்பைக்காரியின் ரெய்டு

கபடியில் தெய்வக்கனி ரெய்டு வந்தாலே எதிரணி பின்கோட்டுக்கு ஒதுங்கும். பறவைக்கு இருப்பதுபோல நுரையீரலோடு காற்றுப்பைகளும் அறுவை செய்து பொருத்திக்கொண்டவள். பத்து நிமிடமானாலும் அவளுடைய "கபடி கபடி" நிற்காது. நின்றால்தானே அவுட்?

இறுதிப் போட்டியின் கடைசி ரெய்டில் நான்கு பேர் அவளை மண்ணோடு அமுக்கிப் பிடித்தார்கள். பாட்டு நிற்கவில்லை. பிடித்திருந்த எதிரணி கேப்டன் இசக்கிக்குத்தான் மூச்சு வாங்கியது. பிடி நழுவி அவள் நடுக்கோட்டைத் தொட்டால் கோப்பை போய்விடும்.

"இனி முடியாதுக்கா!" என்று அழுதாள், காலைப் பிடித்திருந்த செண்பகம்.

இசக்கிக்குச் சட்டென்று பொறி தட்டியது. "ஏட்டி, உள்ளங்கால்ல கிச்சுகிச்சு மூட்டு!"

"கபடி, கப... ஹிஹி... ஐயோ, விடுட்டி!"

நடுவர் விசில் ஊதினார். "சிரிக்க வைக்கக் கூடாதுன்னு விதி இல்ல. அவுட்!"

தெய்வக்கனியே சிரிப்பில் வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டு இசக்கியின் கையை உயர்த்திப் பிடித்தாள்.