இரண்டு நிரைக் கவிதை

அந்தக் கவிதையை எப்படி வாசிப்பது என்றே விஜிதரனுக்குப் பிடிபடவில்லை. தாளின் இடப்பக்கம் சில வரிகள், வலப்பக்கம் சில வரிகள், நடுவில் வெறும் வெள்ளை. திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் அவன்தான் அதைப் பாடமாக நடத்த வேண்டும்.

"என்னோட மூணு கவிதைத் தொகுதி சும்மா கிடக்குது. கொட்டகலைத் தோட்டத்துல டீச்சரா இருக்கிற ஒன் சிநேகிதி லோஜினியோட கிறுக்கல் பாடத்திட்டத்துல!"

"ரொம்ப எரியுதோ?" என்றாள் அவன் மனைவி பூரணி, தேங்காய் துருவியபடி.

"எனக்கென்ன? நடுவுல இருக்கிறது மௌனத்தின் பிளவுன்னு ஆய்வரங்கத்துல சொன்னேன். எல்லாரும் கைதட்டுனாங்க."

"அந்த வெள்ளையில தேயிலைச் செடி நிக்குதுங்க. ரெண்டு பொண்ணுங்க பக்கத்துப் பக்கத்து நிரையில கொழுந்து எடுத்துக்கிட்டே பேசிக்கிறாங்க."

"லோஜினி சொன்னாளா?"

"இடப்பக்கம் அவ எழுதினா. வலப்பக்கம் நான். போன வருஷம் என் பாதிய ஒங்ககிட்ட காட்டினப்ப, இது கவிதையே இல்லன்னீங்க. அதான் என் பேரைப் போடவேணாம்னு அவகிட்ட சொல்லிட்டேன்."

விஜிதரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு தாளை அவள் பக்கம் நகர்த்தி, "எப்படித்தான் வாசிக்கிறது?" என்றான்.

பூரணி கையைத் துடைத்துக்கொண்டு அருகில் உட்கார்ந்தாள்.

"தனியா முடியாதுங்க. நீங்க இடப்பக்கம் ஒரு வரி வாசிங்க, நான் வலப்பக்கம் ஒரு வரி. கடைசி வரைக்கும் மாறி மாறி."