ஓட்டத்துக்குக் குறுக்கே

ஆற்றுத் தண்ணீரில் யாராலும் கோடு கிழிக்க முடியாது, கண்ணுகளா. ஆனாலும் இரண்டு காவல் நிலையங்களின் எல்லை அந்த ஆற்றின் நடுவில்தான் பிரிந்தது. பிணம் ஒதுங்கினால் இக்கரை ஏட்டு நீளக் கழியால் அக்கரைக்குத் தள்ளிவிடுவார். வழக்கு அக்கரைப் போலீஸ் தலையில் விடியட்டும் என்று. அவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல, திருப்பித் தள்ளுவார்கள். கடைசியில் ஆறே கொண்டுபோய்விடும்.

அன்று காலை புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. யார் எல்லையாக இருந்தாலும், முதலில் பார்த்த போலீஸே பொறுப்பு.

கரையோரம் ஓர் இளைஞனின் உடல் ஒதுங்கியிருந்தது. காணாமல்போன மகனைத் தேடி அலைந்த தாய் ஒருத்தி ஓடிவந்தாள். பழக்கதோஷத்தில் ஏட்டின் கை கழியை எடுத்தது.

"ஏட்டய்யா, சட்டம் மாறிடுச்சு," என்றாள் கூட வந்திருந்த பெண் காவலர். "இனிமே அந்தக் கழி துணி காயப்போடத்தான்."

"தள்ளிடாதீங்கய்யா," என்றாள் தாய். "என் புள்ளையான்னு ஒரு தடவை பாத்துக்கறேன்."

ஏட்டு கழியைப் போட்டுவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். அவனை இரு கைகளாலும் ஏந்திவந்து அவள் முன் கிடத்தினார். அவள் மகன்தான்.

"இனி இவன் எங்க பொறுப்பும்மா," என்றார்.

பெண் காவலர் ஆற்றையே பார்த்தாள். ஆறு எப்போதும்போல் கிழக்கே ஓடியது. அக்கரையிலிருந்து, ஓட்டத்துக்குக் குறுக்காக, இறந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக மிதந்து வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவளின் நீலப் புடவை ஏட்டுக்கு நன்றாக நினைவிருந்தது. அவளைத் தள்ளிவிட்டபோது அவருக்கு மீசை நரைக்கவில்லை.

ஏட்டு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, மறுபடி தண்ணீரில் இறங்கினார்.