சமையலறையில் பிறந்தவள்

தீவனக் கடையில் அப்பாவுக்கு நாற்பது நிமிடம் ஆகும். அதில் பதினொரு நிமிடம் கவுண்டி என்கிற மாவட்ட அலுவலகத்தின் வரிசையிலேயே எனக்குப் போய்விட்டது.

அம்மா வெளியே வேனில் சின்னதுகளோடு இருந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணிடம் சொன்னேன். பள்ளி இறுதிக்குச் சமமான தேர்வு எழுத வேண்டும். அதற்கு அடையாள அட்டை கேட்கிறார்கள். அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். நான் பிறந்ததோ வீட்டுச் சமையலறையில். அரசாங்கத்திடம் யாரும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் பிள்ளைகள் ஒன்பது பேர். ஒருவரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை; படிப்பெல்லாம் வீட்டிலேயே. அண்ணன் எலைஜாவுக்கு அப்பாவே பள்ளி முடித்த சான்றிதழ் அச்சடித்து, தலைமையாசிரியர் என்று தானே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். பெண்பிள்ளைகளுக்கு அந்தக் காகிதமும் வேண்டாமாம். நர்சிங் படிக்க ஆசை என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன். ஒரு மாதம் என் புத்தகங்கள் கொட்டகையில் பூட்டிக் கிடந்தன.

அந்தப் பெண் என் வயதைக் கேட்டாள். பதினாறு என்றேன். அப்படியானால் அப்பாவும் அம்மாவும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றாள்.

அப்பாவுக்குத் தெரியாமல்தான் வந்திருந்தோம். சாலையைப் பார்த்தபடியே, அம்மா தந்த உறையை நீட்டினேன். வழியில் பிரிக்காதே, அங்கே கொடு என்று மட்டும்தான் அம்மா சொல்லியிருந்தாள்.

உள்ளே எங்கள் வீட்டு பைபிளின் முதல் தாள். கத்தியால் அறுத்தெடுத்தது. ஒன்பது பிறப்புகளும் அம்மாவின் எழுத்தில், கீழே மருத்துவச்சியின் கையெழுத்தோடு.

பிறந்தநாள் கொண்டாடுவது எங்கள் வீட்டில் பாவம். அவரவர் வயதை அப்பாதான் சொல்வார்.

அந்தப் பெண் தாளை இரண்டு முறை படித்தாள்.

"திர்சா, யாரு உனக்குப் பதினாறுன்னு சொன்னது? போன மாசமே பதினெட்டு முடிஞ்சிருச்சு, கண்ணு. இனிமே உங்கப்பா கையெழுத்து எதுக்கும் வேணாம்."

சந்தோஷம் வரவில்லை. பயம்தான் கூடியது. சாயங்கால ஜெபத்துக்கு அப்பா அந்த பைபிளைத்தான் திறப்பார்.

அம்மாவிடம் சொல்ல வெளியே ஓடினேன். வேனைக் காணோம். அப்பாவை ஏற்றிக்கொள்ளப் போய்விட்டாள். படியில் என் துணிமணிகள் அடைத்த பை மட்டும் இருந்தது.

மே மாத வெயில் சுள்ளென்று அடித்தது. பையைத் திறந்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, என் குளிர்காலக் கோட்டை அம்மா மடித்து வைத்திருந்தாள்.