கடைசிப் பக்கத்துக் கொசு

பழைய காமிக்ஸ் புத்தகங்களுக்குத் தரம் சொல்லும் ஞானப்பிரகாசம், வெறுங்கையால் பக்கத்தைத் தொட்டால் யாராயிருந்தாலும் விரட்டிவிடுவார். அதனால் பிரமிளா நாற்காலி நுனியில் உட்கார்ந்து கைப்பையின் வாரை முறுக்குவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். அவள் விற்கக் கொண்டுவந்த புத்தகத்தில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்கவில்லை, முதுகு மடங்கவில்லை, குறுக்கெழுத்துக் கட்டங்களில்கூட யாரும் பேனா வைத்திருக்கவில்லை. முதல் தரம் என்று சொல்ல வாயெடுத்தவர் கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார். படத்திலிருந்த குதிரைவீரனின் தொப்பிக்கு மேலே, வெள்ளை வானத்தில், ஒரு கொசு நசுங்கி ஒட்டியிருந்தது. சுற்றிலும் பழுப்பாக ரத்தம். “என் தம்பி சார். படிச்சுட்டே இருந்தவன் பட்டுனு புக்கை மூடி, ‘என்னைக் கடிச்சதை அடிச்சுட்டேன்க்கா’ன்னு சிரிச்சான். அன்னிக்கு சாயங்காலம் சைக்கிள் எடுத்துட்டுப் போனவன்தான், இன்னும் வரல. அதுக்கப்புறம் யாரும் இதைத் திறக்கல. ஆனா இது வீட்ல இருக்கிற வரைக்கும் எனக்குத் தூக்கம் வரல.” “கொசுவைச் சுரண்டி எடுத்துடலாம்மா. கறையும் பாதி போயிடும். தரம் ஒரு படி ஏறும்.” “எடுத்துடுங்க,” என்றாள் அவசரமாக. அவர் சின்னக் கத்தியைக் கொசுவின் ஓரத்தில் வைத்ததும் எழுந்து, உள்ளங்கையால் கொசுவை மூடினாள். “எடுத்து எங்க சார் போடுவீங்க?” வெறுங்கைதான். அவர் விரட்டவில்லை. காலடியில் இருந்த குப்பைக்கூடையை அவள் பார்ப்பதற்குள் மேசைக்கு அடியில் தள்ளினார். பிறகு கத்தியை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்தார்.